ஜன்னல் மூலையில் மட்டும் பச்சை

ராசாங்கம் கல் கழுவிக்கொண்டிருந்தார். மூங்கில் கூடையில் நாலு கை ஜல்லியை அள்ளிப் போடுவார். அண்டாத் தண்ணீரில் முக்கி, அரிசி களைவது போலக் கூடையைச் சுழற்றுவார். தண்ணீர் மோர் போல வெளுத்ததும் சாக்கடையில் சாய்த்துவிட்டு மறுபடி முக்குவார். ஏழு தடவை கழுவியும் தண்ணீர் தெளியவில்லை. புதுக் கல், தூசி இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. அது தெரிய நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று.

எண்பத்து மூன்றாம் வருடத்துப் புரட்டாசிக் கடைசி. அரியலூரில் ரயிலடிக்குப் பின்னால் இருந்தது அவருடைய ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி வெற்றிடம். அதில் கடப்பாரையைப் போட்டால் ஒரு சாண் ஆழத்தில் சுக்கான் பாறை டங்கென்று சத்தம் கொடுக்கும். அங்கே எருக்குகூட முளைத்ததில்லை. ஆனாலும் ராசாங்கம் ஆறு வருடமாக அந்த இடத்தில் கீரை விளைத்துக்கொண்டிருந்தார். மண்ணில் அல்ல, கல்லில்.

அவர் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கூடத்து அட்டெண்டர். தா.பழூர்ப் பக்கத்துக்காரர். அப்பா பெயர் பாவாடை, பிறத்தியார் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்டு அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் ராசாங்கம். பள்ளியில் இளையபெருமாள் என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் இருந்தார். மண்ணில்லாமல் செடி வளர்க்கலாம் என்று எதிலோ படித்துவிட்டு, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்களை நெடுக்காக இரண்டாகப் பிளக்கச் செய்து, உள்ளே கூழாங்கல் நிரப்பி, பள்ளி வராந்தாவில் வைத்தார். அடுத்த வருடமே அவருக்கு மாற்றல் வந்தது. வராந்தாவை அடைக்கிறது, தூக்கிப் போடு என்று தலைமையாசிரியர் சொன்னார். ராசாங்கம் தூக்கிக்கொண்டு வந்து தன் வீட்டில் போட்டார்.

வேலை சுலபம்தான். ஒழுங்கு தவறக் கூடாது, அவ்வளவே. யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ், பேதி உப்பு, அன்னபேதி என்கிற இரும்பு உப்பு ஒரு சிட்டிகை, இவற்றைக் கரைத்த தண்ணீரைக் காலையில் கல்லின் மேல் ஊற்ற வேண்டும். டிரம்மின் அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு மரச்செருகு. அரை மணி கழித்துச் செருகைப் பிடுங்கினால் தண்ணீர் வாளிக்கு வந்துவிடும். சாயங்காலம் அதே தண்ணீரை மறுபடி ஊற்றலாம். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவித் துடைத்து வரிசையில் வைக்கிற ஆளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

ஆனால் ஐப்பசி பிறந்தால் டிரம்களைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அடைமழையில் சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போகும், வேர் அழுகும். அப்புறம் மார்கழிப் பனியில் செடி குன்னிப்போய் நிற்கும். தை பிறந்த பிறகுதான் திரும்ப விதைப்பது வழக்கம். இந்த வருடம் அப்படி விடுவதற்கில்லை. மகள் சிந்தாமணிக்கு ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். மழை மாதத்தில் சந்தைக்குக் கீரை வராது, வந்தாலும் சேறும் அழுகலுமாக வரும். அவளுக்கோ தினம் ஒரு கைப்பிடி கீரை வேண்டும். அவளுடைய அம்மா காத்தாயி, சிந்தாமணி பிறந்த அன்றே இறந்தவள். ராசாங்கம் அந்த மழைக்காலத்துக்காகத் தோட்டத்தை ஆயத்தம் செய்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

மழையில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் பழைய கூழாங்கல்லில் பாதியை எடுத்துவிட்டு, பெரிய கல்லாகப் போட வேண்டியிருந்தது. எப்போதும் திருமழபாடியிலிருந்து கொள்ளிடத்துக் கூழாங்கல் வண்டியில் வரும். அந்த வருடம் ஆற்றில் வெள்ளம், வண்டி இறங்க வழியில்லை. தெருமுனையில் ரோட்டு வேலைக்குக் கொட்டிய வெள்ளை ஜல்லி மிச்சம் கிடந்தது. மேஸ்திரியிடம் கேட்டு நாலு கூடை வாங்கிக்கொண்டார். கல்லுக்குக் கல் என்ன வித்தியாசம் என்று நினைத்தார். மேலே சாய்வாகத் தென்னங்கீற்று வேய்ந்து, அதன்மேல் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டினார். பனிக்குப் போர்த்த எட்டு சாக்குகளைத் துவைத்துக் காயவைத்தார். அரைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி என்று மூன்று டிரம்மிலும் விதைத்தார். மூன்றாவது டிரம்மின் ஒரு முனை, சிந்தாமணி படுக்கப்போகும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

வளைகாப்பு பாடாலூரில் நடந்தது. மாப்பிள்ளை செல்லதுரை லாரி டிரைவர். அவனுடைய அம்மா ஆண்டாயி நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள்.

"ஏண்ணே, பொம்பள இல்லாத வூட்டுல தலப்பிரசவமா? புள்ளைக்கு வென்னி ஊத்துறது யாரு, நீங்களா?"

"நான்தான் தங்கச்சி. இவளுக்கு ஊத்துனவனும் நான்தான். அன்னிக்கு நீங்க வந்து மொண்டு குடுத்தீங்களா?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆண்டாயியும் சிரித்துவிட்டாள்.

"சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா தாயும் புள்ளையும் முழுசா வந்து சேரணும். சொல்லிட்டேன்."

"வருவாங்க" என்றார் ராசாங்கம். சொன்ன பிறகு அந்த ஒரு வார்த்தை அவருக்குக் கனத்தது.

கிளம்பும்போது ஆண்டாயி மருமகளை அணைத்துக் காதில் என்னவோ சொன்னாள். ஆசீர்வாதம் என்று ராசாங்கம் நினைத்துக்கொண்டார்.

வந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் செல்வம்மாள் நாற்பதைத் தாண்டியவள், பேச்சும் கையும் ஒரே வேகம். சிந்தாமணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள்.

"ரத்தம் பத்துக்கு மேல இருக்கணும். எட்டுதான் இருக்கு. தெனம் ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அது மேல டீ குடிக்கக் கூடாது. மலம் கறுப்பாப் போவும், பயப்படாத."

சிவப்பு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். ராசாங்கம் ஒன்றை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுல என்னங்க இருக்கு?"

"இரும்புண்ணே."

"நம்ம அன்னபேதியா?"

"அதேதான். மனுசருக்குத் தக்கன அளந்து, சீனிப் பாகுல முக்கி எடுத்தது. அதுக்காக வூட்ல இருக்குற அன்னபேதியக் கரைச்சு ஊத்திப்புடாதீங்க, புள்ள தாங்காது."

"செடிக்குப் போடுறதுங்க. கல்லுல கீரை போட்டிருக்கேன். மழைக்கும் பனிக்கும் எல்லா ஏற்பாடும் ஆச்சு. தெனம் கீரை குடுத்துடுவேன்."

"குடுங்க. ஆனா கீரை சோத்துக்குத் தொணை, மாத்திரைக்கு மாத்து இல்ல. தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றுதான் தலையாட்டினார். மனசுக்குள் அவர் நம்பியது கீரையைத்தான். தன் கையால் விளைவது, தன் கண்ணுக்குத் தெரிவது. மாத்திரைக் காகிதத்தை மகள் கையில் கொடுத்ததோடு அந்தப் பொறுப்பை மறந்துவிட்டார். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிற பலர் செய்கிற தவறு இது. மருந்தை வாங்கிக் கொடுப்பது ஒரு வேலை. அது தொண்டைக்குள் இறங்குகிறதா என்று நின்று பார்ப்பது இன்னொரு வேலை.

மற்றதில் குறை சொல்ல முடியாது. வெந்நீர் வைத்தார், கால் வீங்கினால் தலையணையை மடித்துக் காலுக்கடியில் கொடுத்தார், கீரையை வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளித் தினம் மசித்தார். ஐப்பசி முழுக்க மழை ஊற்றியது. தெருவில் முழங்கால் தண்ணீர் போனது. டிரம்களில் ஒரு சொட்டு தேங்கவில்லை. வெயில் இல்லாத நாளில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தார். பக்கத்து வீட்டு வீரமுத்து, ரயில்வே கேங்மேன், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, கீரைக்கும் வளைகாப்பா? பந்தலெல்லாம் பலமா இருக்கு" என்பான். ராசாங்கம் ஒரு பிடி கிள்ளி அவனுக்கும் கொடுப்பார்.

கார்த்திகை பிறந்ததும் இரண்டு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஒன்று, அவருடைய சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு தங்குவதில்லை. சிந்தாமணியின் உதட்டோரம் வெள்ளையாக இருந்ததை ஒருநாள் பார்த்தார்.

"என்னாத்தா, சாக்பீஸா திங்கிற?"

"வாய் நமநமங்குதுப்பா. ஒண்ணும் ஆவாது."

மசக்கை மிச்சம் என்று விட்டுவிட்டார்.

இன்னொன்று செடி. கீரையின் குருத்து வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் இலை எலுமிச்சை நிறத்தில். இளையபெருமாள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மறக்கவில்லை. கீழிலை வெளுத்தால் யூரியா, குருத்து வெளுத்தால் இரும்பு. அன்னபேதியை இரண்டு சிட்டிகையாக்கினார். பத்து நாள் பார்த்தார். இன்னும் வெளுத்தது. மூன்றாக்கினார். வளர்ச்சியே நின்றது. கிள்ளுவதற்கு இலை இல்லை.

அந்த வாரம் செல்வம்மாள் மறுபடி இமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்தவள் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஊசியால் விரலைக் குத்திச் சோதித்தாள்.

"ஏழு. ஏறணும், இது எறங்கியிருக்கு. மாத்திரை சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேங்க."

"தெனமும்?"

"தெனமும்ங்க."

"கறுப்பாப் போவுதா?"

சிந்தாமணி ஒரு கணம் தாமதித்துத் தலையாட்டினாள். செல்வம்மாள் அந்தத் தாமதத்தைக் கவனித்தாள், ஆனால் வெளியே வரிசை நீண்டிருந்தது.

"கண்டதையும் திங்கிறாளாண்ணே? மண்ணு, சாம்பலு, பலப்பம்?"

"சாக்பீஸ் திங்கிறாளுங்க."

"அது மசக்கை இல்ல, ரத்தம் இல்லாததுக்கு அடையாளம். பத்து நாள் பாப்போம். ஏறலேன்னா இங்க வச்சுக்க மாட்டேன், திருச்சிக்குத்தான் போவணும். ஏழோட பிரசவ மேசையில ஏத்துனா, கொஞ்சம் ரத்தப்போக்கு அதிகமானாலும் தாங்க மாட்டா. ஒளிச்சுப் பேசி என்ன ஆவப்போவுது?"

ராசாங்கம் மகளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். வாசலின் இரண்டு படி ஏறியதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. இதே மூச்சை அவர் முன்பும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது டிரம்மிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியாது. ஆய்வகம் காலியாக இருந்தபோது தொட்டியில் அந்தக் கல்லை வைத்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். கல் புஸ்ஸென்று நுரைத்தது.

நின்ற இடத்திலேயே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சோதனை காட்ட இந்தக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து தட்டில் அடுக்கி வைப்பவரே அவர்தான். இருபத்து மூன்று வருடமாக அடுக்கியிருக்கிறார். ஊரே சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. இந்த ஊர்க்காரன் செய்யக் கூடாத தப்பு, ஆனால் இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தினம் காலில் மிதிபடும் கல்லை யார் சந்தேகப்படுவார்கள்? சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் இரும்பு கரைந்து நிற்காது. துருவாகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் வேருக்குப் போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டிருந்தபோது, டிரம்களைக் காலி செய்ய உட்கார்ந்தார். முதல் டிரம்மில் எல்லாம் மஞ்சள். இரண்டாவதிலும் மஞ்சள். மூன்றாவதும் அப்படித்தான், ஒரு முனையைத் தவிர. ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அளவுக்கு மணத்தக்காளி நல்ல கரும்பச்சையாக நின்றது.

மேலே பந்தல் மறைப்பதால் இத்தனை நாள் அந்த மூலையை அவர் குனிந்து பார்த்ததில்லை. கல் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், சத்து ஒன்றுதான். இந்த ஒரு முழம் மட்டும் எப்படிப் பிழைத்தது? கையை விட்டுக் கல்லைப் புரட்டினார். மற்ற இடத்தில் வெள்ளையாக இருந்த கல் இங்கே பழுப்பாக, துருப் பிடித்த தகரம் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கிளறினார். பாதி கரைந்த ஒரு மாத்திரை, சிவப்புப் பூச்சு போய்ச் சாம்பல் நிறத்தில், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, முழுசாக, நேற்றுப் போட்டது போலச் சிவப்பாக. தினம் ஒன்றாக வேருக்குப் பக்கத்திலேயே கரைந்ததில் இங்கே கல்லைத் துரு மூடிவிட்டது, சுண்ணாம்பு இரும்பைப் பிடித்துக்கொள்ள இடமில்லை.

தலைக்கு மேலே ஜன்னல் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் கட்டில்.

அவர் கத்தவில்லை. கையைக் கழுவினார். மாத்திரை இரண்டையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சிந்தாமணி படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எத்தன நாளா?"

அவள் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"வந்த நாள்லேருந்தா?"

"ஆமாம்ப்பா."

"கொமட்டுதா? சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பாங்களே ஆத்தா."

"கொமட்டல." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "மாத்திரை தின்னா புள்ள பெருத்துடுமாம். பெரிய புள்ளன்னா வெளிய வராதாம். அத்தை சொன்னாங்க. உங்காத்தா உன்ன மாதிரி பெரிய புள்ளையப் பெத்துத்தான போயி சேந்தா, நீ சூதானமா இருந்துக்கன்னு சொன்னாங்க."

"வளைகாப்பு அன்னிக்கா?"

"ம்."

"அதான் ஆஸ்பத்திரில கேட்டதுக்கும் பொய் சொன்னியா?"

"எனக்குச் சாவப் பயமா இருந்துச்சுப்பா." அழாமல் சொன்னாள். "எங்கம்மாவ நான்தான் கொன்னேன். இந்தப் புள்ளைக்கும் அந்தப் பேரு வர வேணாம்னு நெனச்சேன்."

ராசாங்கம் தட்டைத் தரையில் வைத்தார். ஆண்டாயியின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கதையை ஆண்டாயி எங்கிருந்து கேட்டாள்? சம்பந்தம் பேச வந்தபோது அவரே சொன்னதுதான். பெரிய பிள்ளை, தலை நின்றுவிட்டது, தாய் தாங்கவில்லை. காத்தாயி இறந்த வாரத்தில் ஊரில் யாரோ கட்டிய கதை அது. மறுக்காமல் விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலும் அதுவே பழகிவிட்டது. உண்மையைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். அடியில், வேலை உத்தரவுக்கும் கீழே, நாலாக மடித்த ஒரு பழுப்புச் சீட்டு. கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் அன்று கொடுத்தது.

"படி."

சிந்தாமணி பத்தாவது வரை படித்தவள். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பெண் குழந்தை. எடை என்ற இடத்தில் மசியால் எழுதியிருந்ததை இரண்டு தரம் பார்த்தாள்.

"நாலே கால் ராத்தலா?"

"ரெண்டு கிலோகூட இல்ல. கோழிக்குஞ்சு மாதிரி இருந்த. பஞ்சுல சுத்தித்தான் குடுத்தாங்க. நீ யாரையும் கொல்லல."

"அப்பறம் எப்பிடி?"

"ரத்தம் இல்ல." அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "உங்கம்மா ஏழாம் மாசத்துலயே வெளுத்துப் போனா. நாலு அடி நடந்தா மூச்சு வாங்குவா. அடுப்புச் சாம்பல அள்ளித் திம்பா. மருத்துவச்சி வந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ ராசாங்கம்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. எனக்கு வேல கெடச்சு மூணு மாசம். லீவு கேட்டா அனுப்பிச்சுருவாங்களோன்னு பயம். அறுப்பு முடியட்டும், அரைப் பரீச்ச முடியட்டும்னு தள்ளுனேன். வேல நேரத்துல உக்காந்து தூங்குறான்னு அவளத் திட்டியும் இருக்கேன். நீ சுளுவாத்தான் பொறந்த. பின்னாடி போக்கு நிக்கல. மாட்டு வண்டியில தூக்கிட்டு ஓடுனோம். ரத்தம் குடுக்க யாரு இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டாரு. நாங்க மூணு ஆம்பளைங்க நின்னோம். ரத்தம் குடுத்தா ஒடம்பு போயிடும்னு அப்ப சொல்லுவாங்க. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்தோம். நான் கைய நீட்டப் போனேன். நீட்டுறதுக்குள்ள நர்சு வந்து, இனிமே வேணாம்னு சொல்லிடுச்சு."

வெளியே கீற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத ஏம்ப்பா நீ சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? பெரிய புள்ளன்னு சொன்னா பழி விதி மேல போயிடும். நான் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். அது உன் மேல வந்து உக்காந்திருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

சிந்தாமணி சீட்டை மடித்தாள். மடித்த சீட்டைத் திரும்ப விரித்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு கையை நீட்டித் தட்டில் இருந்த மாத்திரையை எடுக்கப் போனாள். ராசாங்கம் தட்டை நகர்த்தினார்.

"அது கல்லுல கெடந்தது. காயிதத்துல எத்தன இருக்கு?"

"பன்னெண்டு."

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. என் முன்னாடி."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் விழுங்கினாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினாள். "சின்னப் புள்ளையாட்டம் பாக்குற" என்றாள். "பாக்கத்தான் செய்வேன். பொய் சொன்னவ வாயி அது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை ராசாங்கம் ஐந்தரைக்கு எழுந்து டிரம்களிலிருந்த வெள்ளைக் கல்லை முழுக்க அள்ளி, தெருவில் மழை தோண்டிய பள்ளத்தில் கொட்டினார். மூலையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கூழாங்கல்லை அலசினார். தண்ணீர் இரண்டாவது தடவையே தெளிந்தது. மூன்று டிரம்முக்கும் அலச நேரமில்லை, ஒன்றை மட்டும் நிரப்பி விதை போட்டார், மேலே சாக்கைப் போர்த்தினார். ஜன்னல் மூலை மணத்தக்காளியை என்ன செய்வது என்று சிந்தாமணி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஒரு மாசமா உன் மாத்திரையத் தின்னு கொழுத்திருக்கு. விடுவனா? அறுத்துக் கடைஞ்சாச்சு, கஞ்சியோட தின்னுட்டுக் கெளம்பு."

எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி. செல்வம்மாள் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். சிந்தாமணி வாயைத் திறக்குமுன் ராசாங்கமே சொன்னார்.

"மாத்திரை இவ சாப்பிடலீங்க. நேத்து ராத்திரிதான் மொத மாத்திரை. நான் கூட இருந்தும் பாக்கல. இன்னும் ஏழு வாரம் இருக்கு. என்ன செய்யணும், சொல்லுங்க."

செல்வம்மாள் சிந்தாமணியை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதற்கு வந்த வாயை மூடிக்கொண்டாள். திட்டினால் அடுத்த தடவையும் பொய்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நேரம் இருக்கு. ஊசியும் போட்டு ஏத்தலாம். டாக்டர் வரட்டும், எழுதி வாங்குறேன். பிரசவம் இங்கதான்னு இன்னிக்கே பேரு பதிஞ்சுடுவோம். ஏறலேன்னா முன்கூட்டியே திருச்சி. கடைசி நேரத்துல ஓடுற வேல வேணாம்."

"சரிங்க."

"மாப்பிள்ளைக்கு ஒரு தந்தி அடிங்க. ரத்தம் தேவப்பட்டா ஆள் வேணும். எந்த வகைன்னு இப்பவே பாத்து வச்சிக்கிட்டா நல்லது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ராசாங்கம் காக்கிச் சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, மேசை மேல் கையை நீட்டி வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை வர்றப்ப வரட்டும். மொதல்ல எனக்குப் பாருங்க."

"அம்பது வயசாவுதே அண்ணே. ஊசியப் பாத்து மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா உங்களத் தூக்க எனக்குத் தெம்பில்ல."

"விழ மாட்டேன். குத்துங்க."

அவள் பஞ்சை நனைத்து அவருடைய விரல் நுனியைத் துடைத்தாள். கல் அலசி அலசி அந்த விரல் வெடித்திருந்தது. பக்கத்துப் பெஞ்சில் சிந்தாமணி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியது. ராசாங்கம் கையை இழுக்கவில்லை.